ஸ்பானிஷ் சோகத்துக்கெல்லாம் ‘சேட்’ போதுமா?

‘த்ரிஸ்தே’, ‘தெசனிமாதோ’, ‘தெசலெந்தாதோ’ என்ற மூன்று ஸ்பானிஷ் சொற்களையும் ஆங்கிலத்தில் ‘சேட்’ (sad, சோகம்) என்றே போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் சொல்லுக்குச் சரி. மற்ற இரண்டிலும் அழுகையைவிட, தெம்பு இறங்கிப்போவதுதான் விஷயம். ‘ஆனிமோ’ என்றால் ஊக்கம். பந்தயத்தில் மேடு ஏறத் திணறுபவரைப் பார்த்து ஸ்பெயின்காரர்கள் கத்துவதும் ‘ஆனிமோ!’ தான். அது வற்றிவிட்டால் தெசனிமாதோ; சொல்பவர் பெண்ணானால் தெசனிமாதா. ‘அலியெந்தோ’ என்பது மூச்சு. அது போனால் தெசலெந்தாதோ. இவற்றுக்கு ‘டிஸ்கரேஜ்ட்’, ‘டிஸ்ஹார்ட்டன்ட்’ பொருந்தும். வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் வேர் இதயம். ஸ்பானியர்களுக்கு மூச்சு போகிறது, ஆங்கிலேயருக்கு நெஞ்சு தளர்கிறது!

ஆனால் அகராதிச் சொல்லையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். மாதக்கணக்கில் வேலை தேடி அலுத்தவர் ‘எஸ்தோய் தெசனிமாதோ’ என்றால், ‘ஐ ஆம் ஃபீலிங் டவுன்’ என்பதுதான் பேச்சுக்கு இயல்பு.

உண்மையில் காலை வாருவது ‘பேனா’ (நாம் எழுதுவது அல்ல). ஸ்பெயினில் ‘மே தா பேனா’ என்றால் மனசு கஷ்டமாக இருக்கிறது, பாவமாக இருக்கிறது என்று பொருள். மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் அதையே கூச்சத்துக்கும் சொல்வார்கள். ‘மே தா பேனா ப்ரெகுந்தார்’ என்று ஒரு மெக்சிகோக்காரர் சொன்னால், கேட்க அவருக்குக் கூச்சம். அங்கே ‘சேட்’ போட்டால் அபத்தம்.

அப்புறம், ‘தெசெப்சியோனாதோ’வைப் பார்த்து ‘டிசீவ்ட்’ என்று எழுதிவிடாதீர்கள். அவர் ஏமாற்றப்படவில்லை, ஏமாற்றம் அடைந்திருக்கிறார்: ‘டிஸப்பாயின்டட்’.