ஏரியைச் சுற்ற வேண்டாம், ஓரமாகப் போய்த் திரும்பினால் போதும்

கேள்வி: ரங்கூன் 29ஆம் தெருவில் நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். மாமனாருக்கு வயது 68. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், வலது முழங்காலில் தேய்மானம். தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். "இந்தத் தெருவில் எங்கே நடப்பது? கண்டோஜி ஏரிக்குக் கூட்டிப் போ, ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன்" என்கிறார் மாமனார். அவரால் முடியுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப்போகிற மாதிரி வழி சொன்னால் நல்லது.

பதில்: ஏரிக்குக் கூட்டிப் போங்கள், தாராளமாக. ஆனால் அந்த "ஒரு சுற்று" வேண்டாம். கண்டோஜியின் கரையைச் சுற்றிவர ஏறக்குறைய 8 கி.மீ. முழங்கால் வலியோடு நிதானமாக நடப்பவருக்கு இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. பாதி வழியில் கால் மக்கர் செய்தால் முன்னால் போனாலும் நாலு கி.மீ., திரும்பினாலும் நாலு கி.மீ. கரையோரமாகவே சுற்றிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஓட்டல், உணவகம் என்று வேலி போட்ட இடங்கள் வரும்போது ரோட்டுக்கு ஏறித்தான் ஆகவேண்டும். ரோட்டோர நடைபாதையில் சாக்கடை மூடி எங்கே ஆடும், எங்கே பெயர்ந்திருக்கும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முழங்கால் தேய்ந்தவர்களுக்கு நான் சொல்வது கடிகாரக் கணக்கு. பத்து நிமிடம் ஒரே திசையில் நடப்பது, நிழலில் ஐந்து நிமிடம் உட்காருவது, வந்த வழியே பத்து நிமிடம் திரும்புவது. முதல் இரண்டு வாரம் இவ்வளவே போதும். நடந்த இரவோ மறுநாள் காலையோ முழங்கால் வீங்கவில்லை, வலி வழக்கத்தைவிடக் கூடவில்லை என்றால், போக இரண்டு நிமிடம், வர இரண்டு நிமிடம் கூட்டலாம். இப்படியே கூட்டிப் போனால் டாக்டர் சொன்ன அரை மணி தானாக வந்துவிடும். நடக்கும்போது பேச்சு வரவேண்டும், பாட்டு வரக்கூடாது. அதுதான் சரியான வேகம். பேசவே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். நெஞ்சில் அழுத்தமோ, கை அல்லது தாடைப் பக்கம் வலியோ வந்தால் நடையை அங்கேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்" என்பார், கேட்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய முழங்காலுக்கு ஏரிக்கரையைவிட உங்கள் வீட்டு மாடிப்படிதான் பெரிய சோதனை. நம் தெருக்களின் படிக்கட்டுகள் செங்குத்து, குறுகல், பகலிலும் இருட்டு. அதிலும் ஏறுவதைவிட இறங்குவதில்தான் மூட்டுக்குப் பாரம் அதிகம். ஏறும்போது நல்ல காலை (அவருக்கு இடது) முதலில் வைக்கட்டும். இறங்கும்போது வலிக்கிற வலது காலை முதலில் இறக்கட்டும். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம், அவசரமில்லை. கைத்தடி பிடித்தால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில், அதாவது இடது கையில் பிடிக்க வேண்டும். வலிக்கிற பக்கமே பிடிப்பவர்கள்தான் அதிகம், அதில் பாதிப் பயன் போய்விடுகிறது. ஒரு நாளைக்கு ஒரு முறை இறங்கினால் போதும் என்று வீட்டு வேலைகளை அமைத்துக்கொள்ளுங்கள். மறந்துபோன கொத்தமல்லிக்காக மாமனாரைக் கீழே அனுப்ப வேண்டாம். கீழே வாங்கியதை மேலே இழுத்துக்கொள்ளப் பால்கனியிலிருந்து தொங்கும் கயிறும் கிளிப்பும் எதற்கு இருக்கிறது?

தினசரி நடைக்கு ஏரி தோதுப்படாது. உங்கள் தெருவிலிருந்து ஏரியின் தென்கரை சுமார் 2 கி.மீ. இடையில் ரயில் பாதைக்கு மேலாகப் பன்சொடான் மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். அங்கு போய்ச் சேருவதற்குள்ளேயே அன்றைய நடை தீர்ந்துவிடும். தினமும் டாக்ஸிக்குக் காசு கொடுப்பதும் கட்டாது. அதனால் வார நாட்களில் சூலே பகோடா பக்கத்து மகாபந்துலா பூங்கா போதும். தரை சமம், உட்கார இடம் உண்டு, வீட்டிலிருந்தும் பக்கம். ஏரியை வாரத்துக்கு இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வண்டியில் போய் இறங்கி நடக்கட்டும். அவருக்கு அது ஒரு உற்சாகம். உற்சாகம் இல்லாத நடை ஒரு மாதத்தில் நின்றுவிடும்.

ஏரியில் எந்தப் பக்கம்? தெற்கிலும் மேற்கிலும் தண்ணீருக்கு மேலே மரப்பலகை நடைபாதை உண்டு. பார்க்க அழகு, காற்றும் நன்றாக வரும். ஆனால் பலகை மழையில் ஊறுகிற மரம். ஆடுகிற பலகை, எழும்பிய ஆணி, பாசி என்று ஏதாவது இருக்கும். முதலில் நீங்கள் போய் நடந்து பாருங்கள், மழைக்காலத்தில் அவரை அதன்மேல் விடவே வேண்டாம். கிழக்குக் கரையில் கரவெய்க் மண்டபம் இருக்கும் பூங்காப் பகுதியும், வடக்கே நட்மவுக் சாலையோரம் போஜோக் ஆங் சான் பூங்காவும் அவருக்குப் பொருத்தம். தளம் போட்ட பாதை, மர நிழல், போகும் வழியில் உட்கார இடம். சில பகுதிகளுக்கு நுழைவுச் சீட்டு உண்டு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால், முதுகுக்குப் பின்னால் ஏறும் வெயில் நேராக ஷ்வேடகோன் பகோடா மேல் விழும். சாயங்காலக் கூட்டம் கூடும் நேரத்துக் காட்சியைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

இரண்டு மாதம் கழித்து, கால் பழகிய பிறகு, இன்யாவுக்கும் கூட்டிப் போகலாம். 1882-83இல் நகரத்தின் தண்ணீர்த் தேவைக்காக வெள்ளைக்காரர்கள் உண்டாக்கிய ஏரி அது. அங்கிருந்து குழாய் வழியாகத்தான் கண்டோஜிக்கும் தண்ணீர் வந்தது. பல்கலைக்கழகப் பக்கத்தில் உயர்ந்த மண்கரை நேராகப் போகிறது. மேலே ஏறுவதுதான் சிரமம், ஏறிவிட்டால் முழங்காலுக்கு அதைவிடச் சமமான தரை இந்த ஊரில் அரிது. குடைக்குள் ஒளிந்திருக்கும் இளஞ்சோடிகளைப் பார்த்து மாமனார் முணுமுணுப்பார், அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேரம் பற்றி: டிசம்பர், ஜனவரியில் ஆறரை மணி வாக்கில்தான் சூரியன் எழுகிறது. ஜூனில் ஐந்தரைக்கே வெளிச்சம். வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினால் போதும், இருட்டில் பள்ளமும் நாயும் தெரியாது. தெருநாய் குரைத்தால் ஓட வேண்டாம், நின்று மெல்ல விலகுங்கள். கடித்துவிட்டாலோ பல் பட்டாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும். ஏப்ரல் வெயிலில் ஏழரை மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை. பெய்கிற நாளில் வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தால் போதும், வழுக்கி விழுவதைவிட மேல். டெங்கு கொசு பகலில்தான் கடிக்கும், காலையிலும் பொழுது சாயும் முன்னும் அதிகம். நீர்நிலை ஓரம் போகும்போது முழுக்கை, முழுக்கால் உடுப்பு நல்லது.

சர்க்கரைக்காரர்களின் நடை சமாச்சாரத்தில் காலணிதான் முதல் மருந்து. வெல்வெட் வார் போட்ட செருப்பு வீட்டுக்கும் கோயில் வாசலுக்கும் சரி, நடைக்கு ஆகாது. குதிகாலைப் பிடித்துக்கொள்ளும், முன்பக்கம் விரலுக்கு இடம் விடும் ஷூவும் பருத்திச் சாக்ஸும் வாங்கிக் கொடுங்கள். தினமும் ராத்திரி உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீங்களோ மாமியாரோ பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தால் அவருக்கே தெரியாது. மாத்திரைகளில் சில சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். அவர் சாப்பிடுவது அந்த வகையா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு, சட்டைப்பையில் நாலைந்து மிட்டாய் வைத்து அனுப்புங்கள். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். நேர்மாறான ஆபத்து நடை முடிந்த பிறகு டீக்கடையில் காத்திருக்கிறது. கட்டிப்பால் ஊற்றிய ஒரு லபெயேயும் (பர்மியப் பால் டீ) எண்ணெய்ப் பலகாரமும் அரை மணி நடையை விழுங்கிவிடும். மேசைமேல் பிளாஸ்கில் சும்மா வைத்திருக்கும் சாயத் தண்ணீர் (பாலும் சர்க்கரையும் போடாத வெறும் டீ) எவ்வளவு குடித்தாலும் தப்பில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளுக்கு ஏரியின் தெற்கே உள்ள மிருகக்காட்சி சாலைதான் முதல் ஆசையாக இருக்கும். 1906இல் திறந்தது, சுமார் 70 ஏக்கர், பெரிய மரங்கள். தாத்தா பத்து நிமிடம் நடந்து யானையிடம் உட்கார்ந்துகொள்ளட்டும், பிள்ளைகள் சுற்றிவிட்டு அங்கே வரட்டும். அதன் பிறகு ஏரிக்குப் போவதானால் கரையோரத்தில் சின்னவர்கள் கையை விடாதீர்கள். ஆழம் குறைவுதான், பெரும்பாலும் இடுப்புக்குள் நிற்கும். ஆனாலும் அது பெரியவர்கள் இடுப்பு.

ஷ்வேடகோனுக்கும் அதன் மேற்கே உள்ள மக்கள் பூங்காவுக்கும் ஒரே நாளில் போகத் திட்டம் போடுவீர்கள். பூங்கா சரி, பகோடாவில் கவனம் வேண்டும். செருப்பு மட்டுமல்ல, சாக்ஸும் கழற்ற வேண்டிய இடம். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிய தரையில் நாம் குதிப்போம். உங்கள் மாமனாருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் குதிக்கமாட்டார், வெந்துபோவார். காளி கோயில் பிராகாரத்துக்கும் இதே எச்சரிக்கைதான். எனவே முதலில் பகோடா, விடிந்ததும். படி ஏற வேண்டாம், லிஃப்ட் இருக்கும் வாசலில் இறக்கிவிடச் சொல்லுங்கள். கீழே வந்ததும் ஷூவை மாட்டிவிட்டு உள்ளங்காலை ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்புறம் பூங்காவுக்குப் போங்கள்.