களனி கங்கை நமக்கு மா அரைத்துத் தருமா?

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து, ஓடுகிற தண்ணீரைப் பற்றியவை. ஒன்றின் பதில் இன்னொன்றுக்கும் உதவும் என்பதால் ஐந்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் வீடு களனி கங்கைக்குப் பக்கத்தில். வீட்டோடு சேர்த்து ஒரு சின்ன அரைக்கும் மில் வைத்திருக்கிறோம், மிளகாய்த்தூள், அரிசிமா எல்லாம் அரைப்போம். மோட்டர் ஏழரைக் குதிரைவலு. கரண்ட் பில் கட்டியே கையில் வருவது போய்விடுகிறது. நாலைந்து பிளாஸ்டிக் பரலைக் கட்டி ஆற்றில் மிதக்கவிட்டு, நடுவில் ஒரு சில்லை வைத்து, பெல்ட் போட்டு மில்லை ஓட்டலாம் என்று மாமா சொல்கிறார். நடக்குமா?
(வாசகர், வெல்லம்பிட்டி)

பதில்: மாமாவின் யோசனை பிழையில்லை. உலகத்தில் பல நூறு வருடங்களாக அப்படித்தான் மா அரைத்திருக்கிறார்கள், அதைக் கீழே இன்னொரு கேள்வியில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் இருக்கிற இடம்தான் பிரச்சினை.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். கரையோரம் 20 மீற்றர் தூரத்தை அளந்து இரண்டு கம்பு நடுங்கள். பாதி தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு போத்தலை, மேல் கம்புக்குக் கொஞ்சம் மேலேயே ஆற்றில் போட்டு, கம்பிலிருந்து கம்புக்கு எத்தனை செக்கன் எடுக்கிறது என்று பாருங்கள். வெறும் போத்தல் வேண்டாம், காற்று அதைத் தள்ளிக் கணக்கைக் கெடுத்துவிடும். 20 செக்கன் எடுத்தால் வேகம் செக்கனுக்கு 1 மீற்றர். மழையில்லாத நாளில் உங்கள் பக்கம் 40 செக்கன், அதாவது செக்கனுக்கு அரை மீற்றர் என்றே வைத்துக்கொள்வோம்.

செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடும் தண்ணீரில், ஒரு சதுர மீற்றர் பரப்புக்குள் இருக்கும் வலு 500 வாற்று. வேகம் இரட்டித்தால் வலு இரண்டு மடங்கோ நாலு மடங்கோ அல்ல, எட்டு மடங்கு: 4000 வாற்று. பாதியாகக் குறைந்தாலும் அதே கணக்குத்தான், எட்டில் ஒரு பங்கு, 62 வாற்று சொச்சம். ஓடுகிற தண்ணீரை நம்பி எதைச் செய்ய நினைப்பவரும் முதலில் மனதில் பதிக்க வேண்டியது இந்த எட்டு மடங்கைத்தான், ஏனென்றால் ஆற்றைப் பார்க்கும்போது நம் கண் அதன் அகலத்தையும் ஆழத்தையும் பார்த்து மயங்குமே தவிர வேகத்தைச் சரியாக மதிப்பதில்லை.

அந்த 62 வாற்றும் நம் கைக்கு வராது. பரலில் மிதக்கும் சாதாரணத் துடுப்புச் சில்லுக்கு ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தால் நல்லது, அப்படியென்றால் சதுர மீற்றருக்குப் பன்னிரண்டரை வாற்று. உங்கள் ஏழரைக் குதிரைவலு என்பது சுமார் 5600 வாற்று. வகுத்துப் பாருங்கள், தண்ணீரை மறித்து நிற்கும் துடுப்புப் பரப்பு 450 சதுர மீற்றர் அளவில் வேண்டும். ஒரு மீற்றர் ஆழத்துக்குத் துடுப்பு இறங்கினால் சில்லின் அகலம் 450 மீற்றர், அது ஆற்றை விடப் பெரிது. இதே மில்லை செக்கனுக்கு 2 மீற்றர் ஓடுகிற இடத்துக்குக் கொண்டுபோனால் 7 சதுர மீற்றர் போதும்.

சிவனொளிபாதமலைப் பக்கம் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி, கொழும்பை நெருங்கும்போது இறங்குவதற்கு இடமில்லாமல் தட்டையாகப் போகிறது. வறட்சிக் காலத்தில் கடல் உப்பு ஆற்றுக்குள் ஏறி, அம்பத்தலையில் நமக்குக் குடிதண்ணீர் எடுக்கும் இடம்வரை வந்துவிடக் கூடாது என்று தடுப்புப் போட வேண்டியிருக்கிறது என்றால், ஆறு அங்கே எவ்வளவு சோர்ந்துபோய் ஓடுகிறது என்று யோசியுங்கள்.

மழைக்காலத்தில் வேகம் வரும், உண்மைதான். ஆனால் அந்த நாட்களில் ஆறு தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை. மூங்கில் புதர், முழு மரம், ஆகாயத்தாமரைக் குவியல் எல்லாம் வரும். 2016 மே வெள்ளத்தை வெல்லம்பிட்டியில் இருந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பரல், சில்லு, பெல்ட் எல்லாம் மட்டக்குளி முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய்விடும், கயிற்றைப் பிடிக்கப் போகிறவரின் உயிருக்கும் ஆபத்து. தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: என் தாத்தா எட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் கரண்ட் இல்லாமல் தண்ணீரிலேயே முழு பெக்டரியும் ஓடியது என்று சொல்வார். சின்ன ஓடைத் தண்ணீருக்கு அவ்வளவு பலமா? அப்படியென்றால் பெரிய ஆற்றால் ஏன் முடியாது?
(வாசகி, தெமட்டகொட)

பதில்: தாத்தா சொன்னது முழு உண்மை, அக்கா. உங்கள் கேள்விதான் இந்தக் கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் விடயத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

தண்ணீரிடம் இருந்து வேலை வாங்க இரண்டு வழி. ஒன்று, அது ஓடும் வேகத்தைப் பிடிப்பது. மற்றது, அது உயரத்திலிருந்து இறங்குவதைப் பிடிப்பது. செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடும் ஒரு லீற்றர் தண்ணீரில் உள்ள சக்தி, அதே லீற்றர் வெறும் 5 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் கிடைக்கும் சக்திதான். நம் ஐந்து விரல் அகலம்கூட இல்லை. 2 மீற்றர் வேகம் என்றாலும் 20 சென்ரிமீற்றர்தான். தோட்டத்திலோ மலை மேல் வாய்க்காலில் எடுத்த தண்ணீரைக் குழாயில் இறக்கினார்கள். 50 மீற்றர் இறக்கம் இருந்தால், செக்கனுக்கு 20 லீற்றர் தண்ணீரே 9800 வாற்று தரும், நட்டம் கழித்தாலும் ஆறேழு கிலோவாற்று கைக்கு வரும். உங்கள் தாத்தாவின் ஓடையில் ஒவ்வொரு லீற்றரும், சமவெளி ஆற்றின் லீற்றரை விட ஆயிரம் மடங்கு கனமான வேலையைச் செய்தது.

தேயிலைக்கு முன்னாலேயே, கோப்பிக் காலத்தில், பழத்தின் தோல் உரிக்கும் யந்திரங்களை நீர்ச்சில்லுகள் சுற்றின. கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்த பிறகு கொழுந்து உருட்டும் ரோலர்களுக்கு அதே தண்ணீர், பிறகு சில்லு போய் இரும்பு டர்பைன் வந்தது. பெக்டரியின் மேல்பக்கம் நீளத்துக்கு ஒரு தண்டு சுற்றும், அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு ரோலரையும் சுற்றும். கரண்ட் என்ற ஒன்று நடுவில் இல்லவே இல்லை. ஹற்றன் பக்கம் ஒரு பழைய பெக்டரியில் அந்தத் தண்டும் கப்பிகளும் கூரைக்குக் கீழே அப்படியே தொங்குவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருக்கிறேன். மலைச் சரிவில் அந்த வாய்க்கால்கள் நம் மக்களின் கைகளால் வெட்டப்பட்டவை என்பதை நினைக்காமல் அந்த இடத்தை விட்டு வர முடியவில்லை.

இதே இறக்கத்தை நாடு முழுவதற்கும் பயன்படுத்தலாம் என்று கண்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1912-ல் நானுஓயா பக்கம் பிளக்பூலில் சிறிய மின்நிலையம் கட்டினார், 1918-ல் இலங்கையின் நீர்வலு பற்றிய ஆய்வுரையை வாசித்தார். லக்சபானவில் மின்சாரம் பிறக்க 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லக்சபான எடுப்பதும் களனியின் தண்ணீரைத்தான், வெல்லம்பிட்டிக்கு வரும் அதே ஆறு. மேலே இறங்கும்போதே அதன் பலத்தை வாங்கிக்கொள்கிறார்கள்.

கேள்வி: நான் உயர்தரம் படிக்கிறேன். அணை கட்டாமல், ஆற்றின் ஓட்டத்தை மட்டும் வைத்து உண்மையிலேயே யாராவது யந்திரம் ஓட்டியிருக்கிறார்களா? ஓடும் தண்ணீரின் முழுச் சக்தியையும் ஏன் எடுக்க முடியாது?
(மாணவர், கொட்டாஞ்சேனை)

பதில்: ஓட்டியிருக்கிறார்கள் தம்பி, அதுவும் உயிர் போகும் நெருக்கடியில். கி.பி. 537-ல் கோத்தியர்கள் ரோம் நகரை முற்றுகையிட்டு, நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்களை வெட்டிவிட்டார்கள். அந்தக் கால்வாய்த் தண்ணீரில்தான் மா ஆலைகள் ஓடின. சனங்களுக்கு ரொட்டி இல்லை என்ற நிலை. நகரைக் காத்த தளபதி பெலிசாரியஸ், தைபர் ஆற்றில் பாலத்துக்குக் கீழே, தண்ணீர் நெருங்கி வேகமெடுக்கும் இடத்தில், இரண்டிரண்டு படகுகளைக் கட்டி நடுவே சில்லைத் தொங்கவிட்டு, படகிலேயே திரிகைக்கல்லை வைத்து மா அரைத்தார். எதிரிகள் மேலே இருந்து மரங்களையும் பிணங்களையும் மிதக்கவிட்டுச் சில்லுகளை உடைத்தார்கள். உடனே குறுக்கே சங்கிலி கட்டி அவற்றைத் தடுத்தார். கூட இருந்த வரலாற்றாசிரியர் புரொகோப்பியஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். மிதக்கும் சில்லுக்கு மரக்கட்டைதான் எதிரி என்பது அன்றைக்கே தெரிந்த விடயம். அதன் பிறகு தன்யூப், ரைன் ஆறுகளில் இந்தப் படகு ஆலைகள் பல நூற்றாண்டு ஓடின. ஆறு ஏறினால் படகும் ஏறும், இறங்கினால் கூடவே இறங்கும், சில்லு எப்போதும் ஒரே அளவு தண்ணீரில் நிற்கும் என்பதுதான் அதன் கெட்டித்தனம்.

சிரியாவின் ஹமா நகரில் ஒரோன்ரஸ் ஆற்றோரம் நிற்கும் மரச்சில்லுகளையும் சொல்ல வேண்டும். மிகப் பெரியது சுமார் 20 மீற்றர் விட்டம். ஆறே சில்லைச் சுற்றி, சில்லே ஆற்றை அள்ளி மேலே ஊற்றும். அப்புறம் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் இன்றைக்கும் ரைன் ஆற்றைக் கடக்கும் தோணிகள் எஞ்சின் இல்லாதவை. மேலே கட்டிய கம்பியோடு தொடுத்து, தோணியைச் சரித்துப் பிடித்தால் ஓட்டமே அக்கரைக்குத் தள்ளிவிடும்.

உங்கள் இரண்டாவது கேள்வி. முழுச் சக்தியையும் எடுக்க வேண்டுமென்றால் தண்ணீரை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். நின்றுவிட்டால் பின்னால் வரும் தண்ணீருக்கு வழியில்லை, அது யந்திரத்தைச் சுற்றி விலகிப் போய்விடும். அதனால் கொஞ்ச வேகத்தோடு அதைப் போக விட்டே ஆக வேண்டும். திறந்த ஓட்டத்தில் எவ்வளவு நல்ல டர்பைனும் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று ஜெர்மன் பௌதிகவியலாளர் அல்பேர்ட் பெட்ஸ் 1920-ல் கணக்குக் காட்டினார். தட்டைத் துடுப்புக்கு அது இன்னும் குறைவு: துடுப்பு அசையாமல் நின்றால் வேலை இல்லை, தண்ணீரின் வேகத்திலேயே ஓடினால் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. ஆற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கில் நகரும்போதுதான் ஆகக்கூடிய வலு. பரீட்சைக்காக இல்லாவிட்டாலும் ஒருமுறை வகையிட்டுப் பாருங்கள், இரண்டே வரியில் வந்துவிடும்.

கேள்வி: அவிசாவளைக்கு மேலே எங்களுக்கு ஒரு காணி இருக்கிறது, ஆறு பக்கத்திலேயே வேகமாக ஓடுகிறது. மரக்கறித் தோட்டம் ஆற்றை விட 5 மீற்றர் உயரத்தில். எண்ணெய் பம்புக்குச் செலவழித்துக் களைத்துவிட்டோம். ஆறே தண்ணீரை ஏற்றித் தருமா?
(வாசகர், கிராண்ட்பாஸ்)

பதில்: தரும். தண்ணீர் ஏற்றுவது மா அரைப்பது போல ஒரேயடியாகப் பலம் கேட்கிற வேலை இல்லை. மெதுவாக, இரவு பகலாக நடந்தால் போதும், ஆற்றின் குணமும் அதுதான்.

உங்களுக்கு ஏற்றது சுருள் பம்பு. 1746-ல் சூரிச்சில் வீர்ட்ஸ் என்ற தகர வேலைக்காரர் செய்தது, இன்றைக்கும் அதைவிட எளிமையான ஒன்றை நான் காணவில்லை. 2 மீற்றர் விட்டத்தில் ஒரு துடுப்புச் சில்லு. அதன் பக்கத்தில் 2 அங்குலக் குழாயை ஐந்தாறு சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டும். வெளிநுனி திறந்திருக்கும், உள்நுனி தண்டின் வழியாகத் தோட்டத்துக்குப் போகும் குழாயோடு சேரும். சில்லு சுற்றும்போது வெளிநுனி பாதி நேரம் தண்ணீரையும் பாதி நேரம் காற்றையும் விழுங்கும். ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர்த் துண்டுகள் காற்றை அமுக்கிக்கொண்டே உள்ளே போக, சேர்ந்த அமுக்கம் தண்ணீரை மேலே ஏற்றிவிடும். வால்வும் இல்லை, பிஸ்டனும் இல்லை.

கணக்குப் போட்டால், செக்கனுக்கு 1 மீற்றர் ஓட்டத்தில் அந்தச் சில்லு நிமிடத்துக்கு 3 தடவை சுற்றும். ஒரு சுற்றுக்கு 6 லீற்றர் அளவில் ஏறும், நிமிடத்துக்கு 18 லீற்றர், ஒரு நாளைக்கு 25,000 லீற்றருக்கு மேல். அதற்குத் தேவையான வலு 15 வாற்றுத்தான், நட்டங்களைச் சேர்த்தாலும் அரைச் சதுர மீற்றர் துடுப்பு தாராளம். கஷ்டமான பாகம் ஒன்றே ஒன்று: சுற்றும் குழாய் சுற்றாத குழாயோடு சேரும் மூட்டு. அதை மட்டும் நல்ல லேத் பட்டறையில் செய்வியுங்கள், மிச்சத்தை வீட்டிலேயே செய்யலாம்.

ஆறு பொதுச் சொத்து. பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டு வையுங்கள். பிள்ளைகள் குளிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். முன்னால் சரிவாக ஒரு மூங்கில் வேலி இருந்தால் கட்டைகள் ஒதுங்கிப் போகும். பெரிய மழை அறிவித்தல் வந்ததும் கரையேற்றிவிடக் கூடிய பாரமாக இருக்கட்டும்.

கேள்வி: அதே சில்லில் டைனமோ பூட்டி வீட்டுக்கு லைட் எரிக்கலாமா?
(வாசகர், வத்தளை)

பதில்: மிகச் சின்ன பல்புக்கு முடியும், ஆனால் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சில்லு நிமிடத்துக்கு 3 சுற்று, சாதாரண ஜெனரேற்றர் 1500 சுற்று. நடுவில் 500 மடங்கு ஏற்ற பற்சில்லும் பெல்ட்டும் அடுக்க வேண்டும், கிடைக்கிற கொஞ்ச வலுவையும் அவையே தின்றுவிடும். மெதுவாகச் சுற்றுவதற்கு மெதுவான வேலையையே கொடுங்கள்.

அவிசாவளைக் காணிக்காரருக்கு இன்னொன்று. போத்தல் அளவை இந்த மழையில் எடுக்காமல், தண்ணீர் ஆகக் குறையும் பெப்ரவரி, மார்ச்சில் எடுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் தேவைப்படுவதும் அப்போதுதான். அந்த வேகத்தை எழுதி அனுப்பினால், துடுப்பின் அளவைக் கணக்கிட்டு இதே பக்கத்தில் சொல்கிறேன்.