பத்மநாபபுரம் அரண்மனைக்குள் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்கிறார்களே, உண்மையா?

மைசூரைப் பார்த்துவிட்டு வந்த யாரோதான் உங்களிடம் இப்படிச் சொல்லியிருக்க வேண்டும். நான் அரண்மனைக்குப் பக்கத்துத் தக்கலைக்காரன் என்பதால் வரிந்துகட்டுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை; பொன்முலாமும் வண்ணக் கண்ணாடிக் கூரையும் தேடிப் போகிறவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான். திருவிதாங்கூர் மன்னர்கள் வாழ்ந்த இது மரவேலையின் அரண்மனை.

சென்ற ஆண்டு சென்னையிலிருந்து வந்திருந்த உறவினர்களை அழைத்துச் சென்றேன். பூமுகம் எனப்படும் முகப்பு மண்டபத்தில் தொங்கும் குதிரை விளக்கைப் பார்த்த கையோடு எல்லோரும் மாடிக்கு விரைந்தார்கள். அந்த விளக்குக்கு மேலே, மரவிதானத்தில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாமல் 90 பூக்கள் செதுக்கப்பட்டிருப்பதை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரே பூவைத் திரும்பத் திரும்பச் செதுக்கினால் கை தானாகவே பழகிவிடும், ஒவ்வொன்றையும் மாற்றுவதற்குத்தான் தச்சன் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்று மரவேலை செய்த என் பெரியப்பா சொல்வார்.

குறுகலான படியேறினால் மன்னர் அமைச்சர்களோடு கூடி ஆலோசித்த மந்திரசாலை. சன்னல்களில் பதித்த வண்ண மைக்கா தகடுகள் வழியே வெயில் தணிந்து இறங்குகிறது. சாய்ந்த மரச்சட்டங்களின் இடைவெளியில் காற்று வந்துகொண்டே இருப்பதால் சித்திரை மாதத்திலும் அங்கே புழுங்குவதில்லை. குனிந்து பார்த்தால் கறுப்புத் தரையில் சன்னலின் நிழல் தெரியும். சுண்ணாம்பு, சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெண்கரு ஆகியவற்றைச் சேர்த்துத் தேய்த்தது என்பார்கள். அதே தரையை அமைத்துத் தருவதாக முன்பணம் வாங்கிய ஓர் ஒப்பந்தக்காரர், சிமெண்டில் கறுப்புச் சாயத்தைக் கலந்து பூசி எங்கள் திண்ணையைப் பாழாக்கிவிட்டுப் போனார். அடுத்த மழைக்குள் வெடிப்பு விட்டது. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

ஏகாந்த மண்டபத்துப் பலாமரத் தூணையும், மன்னர் மார்த்தாண்ட வர்மர் காலத்து உப்பரிகை மாளிகையில் 64 மூலிகை மரங்களால் ஆனதாகக் கூறப்படும் கட்டிலையும் அவசரமின்றிப் பாருங்கள். மேல்தளத்துச் சுவரோவியங்களைப் பார்க்கப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. திருவிதாங்கூரின் தலைநகரம் 1795இல் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபின்னும் இவ்வளவும் தப்பிப் பிழைத்ததே பெரிது.

குமரி மாவட்டத்தில் இருக்கும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை ஏன் பராமரிக்கிறது என்று என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். அது வேறு கேள்வி. திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.