குத்தகை ரத்தானால் கொடுத்த முற்பணம் திரும்ப வருமா?

கேள்வி: திருகோணமலையில் ஒரு கடையை இரண்டு வருடக் குத்தகைக்கு எடுக்க மூன்று இலட்சம் ரூபாய் முற்பணம் கொடுத்தேன். வெள்ளைத்தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். சாவி வாங்க முன்பே குத்தகை ரத்தாகிவிட்டது. "முற்பணம் திரும்பாது, அதுதான் வழக்கம்" என்கிறார் உரிமையாளர். பொலிசுக்குப் போகலாமா? வழக்குப் போடலாமா?

பதில்:

வரும். முழுதாக வருமா, ஏதாவது கழித்துக்கொண்டு வருமா என்று சொல்ல, நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விவரம் வேண்டும். ரத்துச் செய்தது நீங்களா, அவரா?

நான் சட்டத்தரணி இல்லை. திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் இதே மாதிரிக் காசைக் கொடுத்துவிட்டு அலைந்து, வாங்கி எடுத்த குடும்பம் எங்களுடையது. அதற்குப் பிறகு தெரிந்தவர்களில் யாருக்கு இந்தப் பிரச்சினை வந்தாலும் எங்களிடம்தான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த "வழக்கம்" என்ற பேச்சு. கொடுத்த முற்பணம் எப்படியும் திரும்பாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி. வாடகையை முன்கூட்டிக் கொடுத்தீர்கள் என்றால், நீங்கள் இருக்காத மாதத்துக்கு வாடகை ஏது? கடைக்குச் சேதம் வந்தால், கரண்ட் பில் நிலுவையில் நின்றால் பிடித்துக்கொள்வதற்கென்று வாங்கிய பாதுகாப்புப் பணம் என்றால், சாவியே வாங்காதவர் எதைச் சேதப்படுத்தியிருக்க முடியும்? வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருக்க வாங்கிய அச்சாரம் என்றால் மட்டும் அவர் பக்கம் கதைக்க ஏதோ இருக்கிறது, அதுவும் விலகியது நீங்களாக இருந்தால். ஆகவே அந்தத் தாளை எடுத்து, மூன்று இலட்சம் என்ற தொகைக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதில் ஒன்றும் இல்லை என்றால், காசு கொடுத்த நாட்களில் இரண்டு பேரும் அனுப்பிக்கொண்ட செய்திகளைத் தேடுங்கள்.

அடுத்ததாக அவர் சொல்லப்போவது, "நொத்தாரிசு உறுதி எழுதவில்லை, அதனால் இந்தத் தாள் செல்லாது" என்பது. எங்களுக்கும் இதைத்தான் சொன்னார்கள். அதில் பாதி உண்மை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கைச்சாத்தாக வேண்டும். அப்படி இல்லாத தாளைக் காட்டி "எனக்கு இரண்டு வருடத்துக்குக் கடையைத் தா" என்று நீங்கள் கேட்க முடியாது. ஆனால் தாள் செல்லாது என்றால், அதே தாளில் "முற்பணம் திருப்பித் தரப்படாது" என்று ஒரு வரி இருந்தால் அதுவும் சேர்ந்துதானே செல்லாமல் போகிறது? குத்தகையும் இல்லை, கடையும் தரவில்லை, காசு மட்டும் அவர் கையில் இருக்கிறது. ஒருவர் காரணமில்லாமல் இன்னொருவரின் காசில் இலாபம் அடையக் கூடாது என்பது இலங்கையில் நடைமுறையில் உள்ள உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய கொள்கை. உங்கள் கோரிக்கை நிற்க வேண்டிய இடம் அதுதான். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன்: அவர் கடையைத் தரத் தயாராக இருந்து, நீங்கள்தான் வேண்டாம் என்று வந்திருந்தால், இந்த வாதம் நிறையவே பலவீனப்படும்.

எங்கள் கதை இப்படி. சுற்றுலாப் பயணிகளுக்கு அறைகள் விட உப்புவெளியில் ஒரு வீடு பார்த்தோம். வெளியூர் ஆட்களுக்காக ஒன்று சொல்கிறேன், இந்தக் கரையில் சீசன் மே மாதமளவில் தொடங்கி செப்டெம்பர் வரைதான். மாரி தொடங்கினால் நிலாவெளி வரை அறைகள் வெறுமையாகக் கிடக்கும். அதனால் எல்லோரும் பெப்ரவரி, மார்ச்சிலேயே முற்பணம் கொடுத்து இடம் பிடிப்பார்கள். நாங்களும் கொடுத்தோம். வீட்டுக்காரர் கனடாவில். காசை வாங்கியது இங்கே இருந்த அவருடைய மைத்துனர். ஏப்ரலில் அந்த மைத்துனர் வந்து, "அத்தான் பிள்ளைகளோட வாறார், வீடு தர ஏலாது" என்றார். சரி, காசு? "சீசன் முடியத் தாறன்."

அத்தான் வரவில்லை. ஜூனில் அந்தப் பக்கம் போனபோது வாசலில் புதுப் பலகை தொங்கியது. நாங்கள் பிளாஸ்டிக் கதிரை போட இருந்த விறாந்தையின் அரைச்சுவரில் கடலில் குளித்து வந்தவர்களின் துவாய்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கூடுதல் வாடகைக்கு வேறு ஆளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் காசும் கையில், புது ஆளின் காசும் கையில். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

பொலிசுக்குப் போவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கடை அவருடையதே இல்லை, அல்லது ஒரே கடையைக் காட்டிப் பலரிடம் காசு வாங்கியிருக்கிறார் என்றால் அது ஏமாற்று, கட்டாயம் முறைப்பாடு செய்யுங்கள். மற்றபடி "இது சிவில் விஷயம், நீதிமன்றத்துக்குப் போங்கள்" என்றுதான் அனுப்புவார்கள். அவர்கள் சொல்வது பிழையும் இல்லை.

நாங்கள் போனது, பிணக்குகளைப் பேசி இணக்கிவைக்கும் மத்தியஸ்த சபைக்கு. இணக்கசபை என்றும் சொல்வார்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்தது. சட்டம் குறித்திருக்கும் தொகைக்கு உட்பட்ட காசுப் பிணக்குகளில் முதலில் அங்கே போய், இணங்கவில்லை என்ற சான்றிதழோடு வந்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். அங்கே யாருக்காகவும் சட்டத்தரணி வந்து பேச முடியாது. சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், உங்களுக்கும் எனக்கும் அதுதான் பலம். வசதியுள்ளவரும் இல்லாதவரும் ஒரே மேசைக்கு முன்னால் தங்கள் வாயால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் இருந்தோம். மூன்று பேர் விசாரித்தார்கள். அதில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்கள் பற்றுச்சீட்டை வாங்கி, யன்னல் பக்கம் பிடித்து வாசித்தார். அப்புறம் அந்த மைத்துனரைப் பார்த்துக் கேட்டார்.

"இந்தக் காசை என்னத்துக்கு வாங்கினீங்க, தம்பி?"

"வீட்டை வேற ஆளுக்குக் குடுக்காமல் வைக்க, ரீச்சர்."

"குடுக்காமல் வச்சீங்களா?"

அவரிடம் பதில் இல்லை. பிறகு பெயின்ட் அடித்த செலவைக் கணக்கில் காட்டினார். அந்த நிறம் நாங்கள் கேட்டு அடித்தது என்பதால் அதைக் கழிக்கச் சம்மதித்தோம். அது நியாயம். மிச்சத்தில் ஒரு பகுதி காசாக, மற்றது திகதியிட்ட காசோலையாக. காசோலை வாங்கும்படி சொன்னது எங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணி. வங்கியில் காசில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் மீட்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் குற்றம். வெறும் வாய்ப்பேச்சை விட அது எவ்வளவோ மேல்.

இனி உங்கள் விஷயம். ரத்துச் செய்தது அவர் என்றால் முழுத் தொகையையும் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தரகருக்குக் கொடுத்த காசு போன்ற உங்கள் செலவுகளையும் சேர்த்துக் கேட்டுப் பார்க்கலாம். நீங்கள்தான் விலகினீர்கள் என்றால், கடை எவ்வளவு நாள் உங்களுக்காகச் சும்மா கிடந்தது, பிறகு யாருக்கு, எவ்வளவுக்குப் போனது என்று விசாரியுங்கள். சும்மா கிடந்த காலத்து வாடகையை அவர் கழிப்பதை ஏற்றுக்கொள்ளலாம். அடுத்த வாரமே வேறு ஆள் வந்துவிட்டால் அவருக்கு என்ன நட்டம்? நொத்தாரிசு உறுதியிலேயே "விலகினால் முற்பணம் பறிமுதல்" என்று ஒரு வரி எழுதியிருந்தாலும்கூட, அந்தத் தொகை நட்டத்துக்கான நேர்மையான மதிப்பீடா, அல்லது பயமுறுத்தப் போட்ட தண்டமா என்று நீதிமன்றத்தில் கேட்க இடமுண்டு.

யாரிடம் கேட்பது என்பதிலும் கவனமாக இருங்கள். இங்கே பாதி வீடு கடைகளின் உரிமையாளர்கள் வெளிநாட்டில். காசை வாங்கியவரிடம் அற்றோணித் தத்துவம், அதாவது உரிமையாளருக்காகச் செயற்பட அவர் எழுதிக் கொடுத்த அதிகாரம், இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் காசைத் திருப்பிக் கேட்கும் கடிதத்தை இரண்டு பேருக்கும் அனுப்புங்கள், இல்லையென்றால் "அவரைக் கேள்", "இவரைக் கேள்" என்று பந்தாடுவார்கள். காணி அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால் சிக்கல் கூடும். பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதைக் குத்தகைக்கு விட முடியாது, அப்படியானதற்குக் காசு கொடுத்திருந்தால் சட்டத்தரணியைப் பார்க்காமல் ஒரு அடியும் வைக்க வேண்டாம்.

வட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள், வங்கிச் சீட்டு எதையும் அழிக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் அவற்றைச் சான்றாக முன்வைக்கலாம். "அடுத்த மாதம் தாறன்" என்று அவர் அனுப்பிய ஒரு வரி, காசு தரவேண்டும் என்று அவரே ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சி.

காலத்தையும் கடத்தாதீர்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிச் சட்டப்படி வழக்குப் போட எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம். உங்கள் தாளைச் செல்லாது என்று அவர் வாதாடக்கூடும் என்பதால் மூன்று என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். கொடுத்த திகதி, தொகை, எதற்காகக் கொடுத்தது, எப்போது யார் ரத்துச் செய்தது, எந்த நாளுக்குள் திருப்ப வேண்டும். இவ்வளவு போதும், வசவு ஒரு சொல்லும் வேண்டாம். நாளைக்கு அதை மூன்றாவது ஆள் ஒருவர் வாசிக்கப்போகிறார். தபால் பற்றுச்சீட்டையும் பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள், உங்கள் பகுதி மத்தியஸ்த சபை எங்கே, எப்போது கூடும் என்று சொல்வார்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் திருகோணமலையிலேயே இருக்கிறது, வருமான விபரத்தோடு போங்கள். தாளில் அந்தத் தொகைக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும், யார் விலகினார்கள் என்பதையும் கீழே எழுதினால், கடிதத்தில் எதை முன்னுக்கு வைக்கலாம் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.