காலடியில் காணாமல் போகும் மில்லிமீட்டர்: கிட் கார் கிளட்ச் கேள்வி-பதில்

காவடிக்கு முன்னால் வண்டியை ரோட்டில் இறக்கிவிட வேண்டும் என்ற அவசரமோ என்னவோ, கிட் கார், அதாவது பாகங்களை வாங்கி வீட்டிலேயே கட்டும் கார் வைத்திருக்கும் டர்பன் வட்டார வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கிளட்ச் பற்றித்தான்.

லோட்டஸ் செவன் சாயலில் ஒரு கார், இரண்டு வருடமாக வீட்டு கராஜில் கட்டினேன். ஃபோர்டு எஞ்சின், டைப் 9 கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் கிளட்ச். ரிவர்ஸ் போட்டால் கறகறவென்று கத்துகிறது. மூன்று தடவை ஹைட்ராலிக் குழாயிலிருந்து ஏர் எடுத்தாகிவிட்டது. கிளட்ச் பிளேட்டை மாற்றிவிடவா, அண்ணா? (சாட்ஸ்வொர்த்)

பிளேட்டில் கை வைக்காதீர்கள் தம்பி. முதலில் ஒரு சோதனை. எஞ்சின் ஐடிலில் ஓடட்டும், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பெடலை அடி வரை மிதித்து ஐந்து எண்ணுங்கள், பிறகு ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கத்தினால் கிளட்ச் எஞ்சினை கியர்பாக்ஸிலிருந்து முழுதாக விடவில்லை. எஞ்சினை அணைத்தபின் அதே ரிவர்ஸ் வழுக்கிக்கொண்டு விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

இனி அளவுகோலை எடுங்கள். கம்பெனி காரில் பெடல், அது தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வரும். நம் காரில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர் மாப்பிள்ளை. உங்கள் பெடல் 120 மி.மீ. நகர்கிறது, பெடல் விகிதம் 5க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டரில் தள்ளுவது 24 மி.மீ. மாஸ்டரின் உள்விட்டம் 0.625 அங்குலம், ஸ்லேவ் 0.75 என்றால் ஸ்லேவ் கம்பி நகர்வது 16.7 மி.மீ.தான். மாஸ்டரை 0.7 ஆக்கினால் அது ஏறக்குறைய 21 ஆகிவிடும். பெடல் கால் பங்கு கனக்கும். பரவாயில்லை, கால் பழகிவிடும்.

கணக்கில் 16.7 வந்து, ஸ்லேவில் அளந்தால் 14தான் இருக்கிறதா? அப்போது மீதி எங்கே போனது என்று தேட வேண்டும். என் முதல் காரில் கியர்பாக்ஸை இரண்டு தடவை இறக்கி ஏற்றிய பிறகுதான் கண்டுபிடித்தேன். தம்பியைப் பெடல் மிதிக்கச் சொல்லிவிட்டு பானட்டைத் திறந்து பார்த்தால், மாஸ்டர் சிலிண்டர் மாட்டிய மெல்லிய அலுமினியச் சுவர் மூச்சு விடுவதுபோல் முன்னே போய்ப் போய் வருகிறது. அந்தச் சுவர் 2 மி.மீ. அசைந்தால் காலடியில் 10 மி.மீ. போச்சு. பின்னால் ஒரு இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டேன், தீர்ந்தது.

நகர்வு கூடினால் பெடலுக்கு அடியில் ஒரு ஸ்டாப் வையுங்கள். அளவுக்கு மீறித் தள்ளினால், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் டயஃப்ரம் ஸ்பிரிங் கெட்டுவிடும்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1600 எஞ்சின் போட்ட பீச் பகி (மணலில் ஓட்டும் திறந்த வண்டி). பெடல் லொடலொட என்று இருந்ததால் கேபிளை இழுத்துக் கட்டினேன். இப்போது ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் ஏறும்போது எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. (பைன்டவுன்)

அந்த லொடலொடப்புதான் ஃப்ரீ பிளே, கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் இடைவெளி. அதைப் போய்த் தொலைத்துவிட்டீர்கள். கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருப்பதால் பிளேட்டுக்கு முழுப் பிடி கிடைக்கவில்லை. பின்னால் கியர்பாக்ஸின் இடது பக்கம் கிளட்ச் லீவரில் ஒரு விங் நட் (விரலால் திருகும் நட்) இருக்கும். பெடல் மேல்முனையில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா நகரும்படி அதைத் தளர்த்துங்கள். பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி தானாகவே குறையும், அதனால் அடிக்கடி பாருங்கள். சரியாக வைத்த பிறகும் வழுக்கினால் பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது எண்ணெய் பட்டிருக்கும். அப்போது எஞ்சினை இறக்கத்தான் வேண்டும். பீட்டிலில் அது பெரிய வேலையில்லை.

புது பகிக்குப் பூஜை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சை வைத்து நகர்த்தினால் வண்டி கிடுகிடுவென்று ஆடுகிறது. பார்த்தவர்கள் சகுனம் என்கிறார்கள். (டோங்காட்)

சகுனமெல்லாம் இல்லை. பகியைக் கட்டும்போது அடிச்சட்டத்தை வெட்டிக் குறுக்கியிருப்பீர்கள். கேபிள் போகும் வளையும் குழாய் கியர்பாக்ஸ் பக்கம் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். அது லேசாகத் தொங்கி வளைந்திருக்க வேண்டும், நடுவில் 25 முதல் 45 மி.மீ. வரை. நேராக இருந்தால் கிளட்ச் வெடுக்கென்று பிடித்து ஆட்டும். குழாய் முனையில் வாஷர் சேர்த்தால் வளைவு கூடும். அதோடு எஞ்சின் மவுண்ட் ரப்பரையும் பாருங்கள்.

கேபிள் கிளட்ச். புது கேபிள் போட்டு ஒரு மாதத்தில் இறுகிப்போகிறது. இது மூன்றாவது. ஸ்டார்ட் பண்ணும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வேறு. (ஃபீனிக்ஸ்)

வாடையைச் சொன்னது நல்லதாயிற்று. எஞ்சினுக்கும் சேஸிக்கும் இடையே எர்த் பட்டை இருக்கிறதா? இல்லையென்றால், அல்லது பெயின்ட் மேல் மாட்டியிருந்தால், ஸ்டார்ட்டரின் கரன்ட் திரும்பிப்போக வழி தேடி உங்கள் கிளட்ச் கேபிள் வழியே ஓடும். கேபிள் சூடாகி உள்ளுறை உருகும். பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் தடித்த பட்டை ஒன்றை மாட்டிவிட்டு நாலாவது கேபிளைப் போடுங்கள்.

பெடலை மிதித்தால் கீச்சென்ற சத்தம், விட்டால் இல்லை. (வெருலம்)

ரிலீஸ் பேரிங். மாறாக, விட்டால் சத்தம் வந்து மிதித்தால் நின்றால் கியர்பாக்ஸின் முன் பேரிங்.

கடலோர வீடு. ஒரு வருடம் மூடிக் கிடந்த கார். பெடல் வேலை செய்கிறது, கிளட்ச் மட்டும் விடவே மாட்டேன் என்கிறது. (ப்ளஃப்)

உப்புக்காற்றில் பிளேட் துருவேறி, எஞ்சின் பக்கத்துச் சக்கரமான ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி அணையுங்கள். முன்னால் ஆளோ சுவரோ ரோபோட்டோ (டிராஃபிக் விளக்கு) இல்லாத, சமமான காலி மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். இரண்டாம் கியர் போட்டு, பெடலை அடிவரை மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி குதித்துக் கிளம்பும், பயப்பட வேண்டாம். பெடலை விடாமல் ஆக்சிலரேட்டரை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுப் போங்கள். பெரும்பாலும் டப்பென்று விட்டுவிடும். நாலைந்து சுற்றில் விடவில்லையென்றால் கியர்பாக்ஸை இறக்குங்கள். அடுத்த முறை நிறுத்தி வைக்கும்போது பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கட்டையைக் கொடுத்து, மிதித்த நிலையிலேயே விட்டு வையுங்கள்.