துப்புத் துலக்காத துப்பறிவாளன்

அன்புள்ள சார்,

நீங்கள் சொன்னீர்களே என்று அயர்லாந்து எழுத்தாளர் கென் ப்ரூயனின் ‘த கார்ட்ஸ்’ வாங்கிப் படித்தேன். துப்பறியும் நாவல் என்றால் தடயம், விசாரணை என்று ஏதாவது இருக்க வேண்டாமா? துப்பறிவாளன் ஜாக் டெய்லர் குடிக்கிறான், அடி வாங்குகிறான், மறுபடியும் குடிக்கிறான். நடுவில் கொஞ்ச நாள் நிறுத்துகிறான், அப்போதும் ஒன்றும் கண்டுபிடித்தபாடில்லை. போதாததற்கு வரிகளை உடைத்து உடைத்துப் போட்டுப் பாதிப் பக்கத்தை வெறுமனே விட்டிருக்கிறார். கொடுத்த காசுக்கு எழுத்து குறைவு.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

எழுத்தை எடை போட்டு வாங்குகிற உங்கள் கணக்கை ரசித்தேன்.

ஜாக் துப்புத் துலக்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அவன் எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்த வேலையைச் செய்கிறான் என்று பாருங்கள். கால்வே அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள சிறு நகரம். யார் யாருடைய பிள்ளை, யார் எந்தப் பப்பில் குடிப்பார் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். வெளியே மட்டும் சொல்ல மாட்டார்கள். அயர்லாந்தில் தனியார் துப்பறிவாளர்களே கிடையாது, காட்டிக்கொடுப்பவனின் வேலைக்கு மிகப் பக்கத்தில் வரும் தொழில் அது என்று ஆரம்பத்திலேயே ஜாக் சொல்லிவிடுகிறான். அதற்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சி வெடிப்பதற்கு முன்பே டப்ளினில் தலைவர்கள் பலர் பிடிபட்டது, கூட இருந்தவர் தகவல் கொடுத்ததால்தான். கால்வேக்கு எதிரே கடலில் இருக்கும் ஆரன் தீவுக்காரரான லியம் ஓஃபிளாஹர்ட்டி, நண்பனைக் காட்டிக்கொடுத்தவனை வைத்தே 1925-ல் ஒரு நாவல் எழுதினார்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு அம்மா வருகிறார். பதினாறு வயது மகள் இறந்துவிட்டாள். தற்கொலை என்கிறார்கள், இவர் நம்பவில்லை. ஜாக்கிடம் வருவதற்குக் காரணம் அவன் கெட்டிக்காரன் என்பதல்ல, கேட்பதற்கு வேறு நாதியில்லை. கதவு தட்டி விசாரித்துத் தடயம் சேர்க்கிற நாயகனை இங்கே கொண்டுவந்து விட்டிருந்தால்தான் எனக்குப் பொய்யாகப் பட்டிருக்கும்.

ஜாக்கின் அந்த மழைக்கோட்டைக் கவனித்தீர்களா? வேகமாக வந்த காரை மறித்து, அதில் இருந்த அரசாங்கப் பெரிய மனிதரின் வாயில் ஒரு குத்து விட்டதால் ஜாக்குக்குப் போலீஸ் வேலை போகிறது. துறை கொடுத்த மழைக்கோட்டை மட்டும் அவன் திருப்பிக் கொடுக்கவில்லை. பொருள் எண் 8234, உடனே ஒப்படைக்கவும் என்று கடிதம் வருகிறது. இவன் அதை மாட்டிக்கொண்டே ஊரைச் சுற்றுகிறான். துரத்திவிட்ட வேலையை உடம்பிலிருந்து கழற்ற முடியாத ஆள் என்று ப்ரூயன் ஓரிடத்திலும் விளக்கவில்லை, கோட்டை மட்டும் காட்டுகிறார். எனக்கு நாவல் முழுக்கப் பிடித்தது இதுதான்.

உடைந்த வரிகளுக்கு வருவோம். ஜாக் குடிகாரன் மட்டுமல்ல, வெறி பிடித்த வாசகன். சின்ன வயதில் நூலகர் ஒருவர் புத்தகம் கொடுத்து வளர்த்த பையன். குடி இறங்கிய காலையில் நீளமாக யோசிக்க வராது. ஒரு சொல், அப்புறம் ஒரு சொல், நடுவில் எங்கேயோ படித்த மேற்கோள். அந்தத் தலைக்குள் இருப்பதைப் பத்தி பிரித்து ஒழுங்காக எழுதினால் அது ஜாக்காக இருக்காது. சில இடங்களில் இது வெறும் பழக்கமாகிவிடுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெண் பாத்திரங்களும் மெலிவு. அந்த அம்மாவைப் பற்றி இன்னும் எழுதியிருக்கலாம்.

ஊர் வாயை மூடிக்கொள்வதைப் பற்றி ப்ரூயன் எழுதியதில் உச்சம் 2003-ல் வந்த, ஜாக் டெய்லர் வரிசையின் மூன்றாவது நாவல், ‘த மக்தலென் மார்ட்டர்ஸ்’. திருமணமாகாமல் கர்ப்பமானவர்கள், அநாதைகள், வீட்டுக்கு வேண்டாதவர்கள் எனப் பெண்களை அடைத்துவைத்துச் சம்பளமில்லாமல் துணி துவைக்க வைத்த கன்னியாஸ்திரீகளின் சலவைக்கூடங்களைப் பற்றியது. கால்வேயில் இருந்த கூடம் 1984-லும், டப்ளினில் கடைசிக் கூடம் 1996-லும் மூடப்பட்டன. அரசு மன்னிப்புக் கேட்க 2013 ஆகிவிட்டது. அழுக்குத் துணி போய் வெள்ளையாகத் திரும்பி வந்ததே, துவைத்தது யார் என்று ஊருக்குத் தெரியாதா என்ன?

பிந்தைய நாவல்களில் ஜாக்குக்கு நேரும் கஷ்டங்கள் அடுக்கடுக்காகப் போய் அலுப்புத் தட்டுகிறது, அவற்றை விட்டுவிடலாம். மூன்றாவதற்குத் தாவும் முன் இரண்டாவதையும் படியுங்கள். லண்டன் போன ஜாக் ஊர் திரும்புவது அதில்தான்.