லயமா, லயனா, ஆலயமா?

கேள்வி: இலங்கை மலையகத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டை 'லயம்' என்கிறோமே, 'ஆலயம்' தேய்ந்துதான் அந்த 'லயம்' ஆனது என்று ஒருவர் மேடையில் பேசினார். நல்ல கைதட்டல். சரிதானா? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
- ஓர் ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: 'தேய்ந்து' என்றீர்களே, அந்தச் சொல்தான் எனக்கு ஆகாது. மேடைச் சொல்லாராய்ச்சியில் எல்லாமே செருப்பு மாதிரித் தேயும். எங்கே தேய்ந்தது, ஏன் தேய்ந்தது என்று கேட்டால் ஐயா சோடா குடிக்கப் போய்விடுவார்.

லயம் என்பது ஆங்கில 'லைன்', வரிசை வீடு. 'டைம்' டயம் ஆனதுபோல 'லைன்' லயன் ஆனது. அஃறிணைப் பெயர் என்றால் நம் நாக்கு 'ம்' தேடும். நிலன் - நிலம், அறன் - அறம் என்று பழைய தமிழிலேயே இரண்டும் இடம் மாறும். 'ம்' வந்து ஒட்டியதும் லயத்தில், லயத்துக்கு என்று மரத்தைப் போலவே உருபேற்றது. மூணாறிலும் மலேசியத் தோட்டங்களிலும் இதே லயம்தான். வெள்ளைக்காரன் தோட்டம் போட்ட இடங்களில் இருக்கிறது. ஆலயமோ ஊருக்கு ஊர் இருக்கிறதே, மற்ற ஊர்களில் ஏன் தேயவில்லை?

வடமொழி லயம் வேறு: கரைதல், ஒடுங்குதல், சங்கீதத்தில் காலநடை. சிங்களத்தில் 'லய' என்றால் நெஞ்சு. தமிழில் 'ல'வை நீட்டினால் குதிரை கட்டும் லாயம். டில்லியில் 'சிவில் லைன்ஸ்' என்றால் தோட்டம் சூழ்ந்த பெரிய பங்களாக்கள். நமக்கு வந்த லைன் 10க்கு 12 அடி.

பத்திரிகைக்காரர்கள் இன்னமும் 'லயன் அறை' என்றே அச்சடிக்கிறார்கள். லயன்ஸ் கழகத்தார் லயன் அறைக்குத் தகரம் கொடுத்தால் தலைப்பில் எத்தனை சிங்கம்?

பிள்ளைகளுக்கா? ஒரு லயத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். லயம் ஆங்கிலம். உள்ளே இருக்கும் அறை, அதாவது காம்பரா, போர்த்துக்கேயரின் 'காமரா'. படம் பிடிக்கும் கமராவுக்கும் அதே லத்தீன் அறைதான் மூலம். முன் திண்ணையான இஸ்தோப்பு ஒல்லாந்தரின் 'ஸ்தூப்'. சொல்லின் முதலில் 'ஸ்' தனியே நிற்க நம் வாய் விடாது, அதனால் முன்னால் ஓர் 'இ'. நியூயோர்க்கில் வாசற்படியை 'ஸ்டூப்' என்பதும் ஒல்லாந்தர் விட்டுப்போனதுதான். மூன்று துரைமாரும் ஒரே தகரக் கூரைக்குக் கீழே!

அப்படியே பெரட்டுக்களத்தையும் காட்டிவிடுங்கள். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் அந்தப் பெரட்டு, ஆங்கிலப் 'பரேட்'. கோழிப் பிரட்டலுக்கு உறவில்லை. அதையும் யாராவது மேடையில் போட்டுப் பிரட்டுவதற்குள் கரும்பலகையில் எழுதிவிடுங்கள், டீச்சர்.